கொடியின் பெயரும் மனிதனின் பழியும்

வியன்னா மாநகரின் எல்லைப்புறத்திலே, மலைச்சாரல்கள் தொடங்குமிடங்களில், வாயிலிலே ஊசியிலை மரக்கொப்பொன்றைக் கட்டித் தொங்கவிட்டிருக்கும் எளிய விடுதிகள் பல உள. அவற்றை ‘ஹொய்ரிகர்’ என்பர். இவ்வாண்டுக்குரியது என்பது அச்சொல்லின் பொருள். தோட்டக்காரர் தம் தோட்டத்து முந்திரிகை இரசத்தைத் தம் இல்லத்திலேயே விற்றுக்கொள்ளலாம் என 1784 ஆம் ஆண்டில் இரண்டாம் ஜோசப் மன்னன் பிறப்பித்த ஆணையின் வழிவந்தவை அவை. மாலை வேளையில் அங்குள்ள மரவாங்குகளில் வந்தமரும் தோட்டக்காரரும், எழுதுவினைஞரும், முதியோரும் பணிப்பெண்ணை அழைத்து, “ஒரு கிண்ணம் ஸ்வைகெல்ற்” என்று கேட்பது வழக்கம். கருஞ்செம்மையில் ஊதா நிறம் இழையோடிய சிவப்பு வைன் ஒன்று அவர் முன் வரும். புளிப்புச் செரிப்பழத்தின் மணம் அதிலே கமழும். நாவை உறுத்தாத மெல்லிய துவர்ப்பு அதற்குண்டு.

ஸ்வைகெல்ற் என்பது அந்த இரசத்தைத் தரும் முந்திரிகைக் கொடியின் பெயர். கொடிக்கு முன்னே அது ஒரு மனிதனின் பெயர். அதனை நினைப்போர் சிலர். அம்மனிதன் யாவன், அவன் செய்தது யாது என்பதை அறிந்தோரோ அவரினும் சிலர். மதுவின் சிறப்பைப் பாடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு தேசம் தன் நாவிலே நாள்தோறும் ஏந்தி நிற்கும் ஒரு பெயரின் வரலாற்றைச் சொல்லவே முயல்கின்றோம்.

குளிர் நாட்டிற் கொடி வளர்த்தல்

ஒஸ்திரியாவின் முந்திரிகைத் தோட்டங்கள் யாவும் அந்நாட்டின் கிழக்கோரத்திலேயே பெரும்பாலும் அமைந்துள்ளன. மேற்கே அல்ப்ஸ் மலைகள் வானளாவி நிற்றலின் அங்கே கொடிக்கு இடமில்லை. கிழக்கே ஹங்கேரியச் சமவெளியிலிருந்து வீசும் வெப்பக் காற்று கோடையிலே பழங்களைக் கனிவிக்கும். வடமேற்கிலிருந்து இறங்கும் குளிர்காற்று இரவுகளைத் தண்மையாக்கிப் பழத்தின் புளிப்பைக் காத்து நிற்கும். இவ்விரு காற்றுகளின் இழுபறியே அந்நாட்டு இரசத்தின் இயல்பை வகுப்பது எனலாம்.

வியன்னாவுக்குக் கிழக்கே, டானியூப் நதியின் தென்கரையில், கார்நுந்தும் என்னும் நிலப்பகுதி உள்ளது. உரோமர் காலத்திலே அது பெரும் படைநகரமாய் விளங்கிற்று. பேரரசனாயும் ஞானியாயும் வாழ்ந்த மார்க்கஸ் ஒறேலியஸ் வடபுலத்துப் பகைவரோடு பொருத காலத்திலே தன் ‘தியானங்கள்’ என்னும் நூலின் ஒரு பகுதியை அங்கிருந்தே எழுதினான். அம்மன்னன் தங்கிய நகரின் இடிபாடுகளைச் சூழவுள்ள குன்றுகளிலே இன்று ஸ்வைகெல்ற் கொடி செழித்து நிற்கின்றது.

அதற்குத் தெற்கே நொய்சீட்லர் ஏரி கிடக்கின்றது. ஏரி என்ற பெயர் பெற்றிருப்பினும் அதன் ஆழம் ஓர் ஆளின் உயரத்தை அரிதாகவே கடக்கும். நாணற்காடு அதன் கரைகளை மூடிக் கிடக்கும். இயற்கையான வடிகால் அதற்கில்லை. 1860 களின் பிற்பகுதியில் அது முற்றாக வற்றியும் போயிற்று. பின்னர் மீண்டும் நிரம்பிற்று. பகலிலே வெம்மையை ஏற்று இரவிலே மெல்ல உமிழும் அந்நீர்ப்பரப்பு, சூழவுள்ள தோட்டங்களுக்கு ஒரு போர்வைபோல் உதவுகின்றது. அங்கே விளையும் ஸ்வைகெல்ற் இரசத்துக்கு, 2011 ஆம் ஆண்டு விளைவு முதலாக, ஏரியின் பெயராலேயே சட்டப் பாதுகாப்பு வழங்கப்பட்டுள்ளது.

இத்தனை நலங்கள் இருப்பினும் அந்நாட்டுத் தோட்டக்காரனுக்குக் குளிரே தீராப் பகை. மாரிக்காலக் கடுங்குளிரில் கொடியின் தண்டு வெடித்துவிடக்கூடும். அதற்குத் தப்பினாலும், இளந்தளிர் விட்டபின் வரும் பின்பனி ஓரிரவில் அவ்வாண்டின் விளைவையே கரித்துவிடும். மே மாத நடுப்பகுதியில் வரும் சில புனிதர்களின் திருநாட்களை அவ்வூரார் ‘பனிப் புனிதர்’ நாட்கள் என்று அழைப்பர். அந்நாட்கள் கழியும்வரை அவர்கள் நிம்மதியாக உறங்குவதில்லை. தோட்டங்களிலே ஈரவைக்கோலைக் கொளுத்திப் புகை மூட்டிக் காவல் இருப்போரும் உளர்.

இவ்வச்சத்தினின்றே ஸ்வைகெல்ற் கொடி பிறந்தது.

ஒரு விதையின் கதை

வியன்னாவுக்கு அண்மையில், டானியூப் கரையிலே, குளோஸ்ரர்நொய்புர்க் என்னும் சிற்றூர் உளது. 1114 ஆம் ஆண்டில் தாபிக்கப்பட்ட அகுஸ்தீனியத் துறவிமடம் ஒன்று அவ்வூரின் மகுடமாக விளங்குகின்றது. அம்மடத்தின் முயற்சியால் 1860 ஆம் ஆண்டில் முந்திரிகைச் செய்கையைக் கற்பிக்கும் பள்ளியொன்று அங்கே நிறுவப்பட்டது. உலகிலே அத்தகைய பள்ளிகளுள் மிகப் பழையது அதுவே என்பர். பழச்சாற்றின் இனிப்பை அளக்க இன்றும் ஒஸ்திரியாவில் வழங்கும் அளவுகோல், அப்பள்ளியின் முதல் தலைவரான பாபோ என்பவர் 1861 இல் வகுத்ததேயாகும்.

கல்விக்கு இருப்பிடமான அவ்வூரே கேட்டுக்கும் வாயிலாயிற்று. அமெரிக்கக் கொடிகளோடு கடல் கடந்து வந்த வேர்ப்பேன் என்னும் நுண்பூச்சி, 1872 ஆம் ஆண்டில், ஒஸ்திரியாவிலே முதன்முதல் குளோஸ்ரர்நொய்புர்க்கிலேயே காணப்பட்டது. வேரை அரித்துக் கொடியைச் சாகடிக்கும் அப்பூச்சி சில பத்தாண்டுகளிலே நாட்டின் தோட்டங்களைப் பாழாக்கிற்று. அப்பூச்சியைத் தாங்கவல்ல அமெரிக்க வேர்த்தண்டின்மீது ஐரோப்பியக் கொடியை ஒட்டி நடுவதே மருந்தென உலகம் கண்டது. நாடெங்கும் மீள நடவேண்டிய நிலை வந்தபோது, எதனை நடுவது என்ற வினாவும் எழுந்தது.

அவ்வினாவுக்கு விடைதேட அமர்த்தப்பட்டவர்களுள் ஒருவர் பிரெட்றிக் ஸ்வைகெல்ற். 1888 ஆம் ஆண்டில் ஸ்ரைரியா மாநிலத்திற் பிறந்தவர். பூச்சியியலிற் புலமை பெற்றவர். 1912 இல் குளோஸ்ரர்நொய்புர்க் பள்ளிக்கு வந்தவர். முதலாம் உலகப்போரின் பின் அங்கே நிறுவப்பட்ட கொடி வளர்ப்பு நிலையம் அவர் பொறுப்பில் விடப்பட்டது. 1922 ஆம் ஆண்டில் அவர் இரு கொடிகளைக் கலந்தார்.

ஒன்று சங்க்ற் லோரன்ற். ஓகஸ்ட் 10 ஆம் நாளாகிய புனித லோறன்சியார் திருநாளையொட்டிப் பழங்கள் நிறம்மாறத் தொடங்குதலின் இப்பெயர் பெற்றது. இரசம் அருமையானது, ஆயினும் பூக்கும் வேளையில் மழையும் குளிரும் வருமாயின் பூக்கள் உதிர்ந்து குலைகள் வெறுமையாய் நிற்கும். மற்றது பிளவ்பிரெங்கிஷ். கம்பீரமான இரசம் தருவது. ஆயினும் காலத்தோடு தளிர்த்துப் பனியிற் சிக்குவது, காலந்தாழ்ந்து கனிந்து இலையுதிர்கால மழையிற் சிக்குவது.

கலப்பு என்பது சொல்லுக்கு எளிது, செயலுக்கு அரிது. முந்திரிகைப் பூ கடுகினும் சற்றே பெரியது. அது விரியுமுன்னரே அதன் மூடியைச் சிறு இடுக்கியாற் களைந்து, மகரந்தப் பைகளை ஒவ்வொன்றாய் நீக்கி, குலையைக் கடதாசிப் பையால் மூடி, சூலகம் பக்குவமுறும் வேளையில் மற்றைக் கொடியின் பூந்தாதை அதன்மீது தூவவேண்டும். பழத்தின் விதைகளை விதைத்தால் ஒவ்வொரு விதையும் ஒவ்வொரு தனிக்கொடியாய் முளைக்கும். ஒன்றைப்போல் மற்றொன்று இராது. அவற்றுள்ளே நல்லது எது எனக் காணப் பல்லாண்டுகள் செல்லும். 1922 இன் நாற்றுகளுள் 71 என முடியும் இலக்கமிட்ட ஒன்று தேறிற்று. குளிரைத் தாங்கிற்று, பிளவ்பிரெங்கிஷினும் முன்னதாகக் கனிந்தது, குலைகளை நிறையத் தந்தது. இன்று ஒஸ்திரியாவிலே ஏறக்குறைய 6,000 ஹெக்டர் நிலத்தில் நிற்கும் ஸ்வைகெல்ற் கொடிகள் அனைத்தும் அந்த ஒரே நாற்றின் தண்டுகளை வெட்டி ஒட்டி ஒட்டிப் பெருக்கியவையே. அந்நாட்டின் சிவப்பு முந்திரிகைகளுள் மிகுதியாக நடப்பட்டது அதுவே. யாவும் ஒரு விதையின் உடலே என்று சொன்னால் அது மிகையன்று.

குறையற்ற கொடி என்று கூறுவதற்கில்லை. கனியும் தறுவாயிற் குலைகள் திடீரென வாடித் தொங்கும் நோயொன்று அதனைத் தனியே தேடிப் பீடிக்கின்றது. வாடிய பழத்தில் இனிப்பு ஏறாது, புளிப்பே எஞ்சும். குலைகளை மிகுதியாகத் தாங்கவிட்டால் இரசம் நீர்த்துப்போம். ஆதலின் நல்ல தோட்டக்காரன் கோடையிலேயே பச்சைக் குலைகளிற் பலவற்றை வெட்டி நிலத்திலே வீழ்த்திவிடுகின்றான்.

ஓரூரில் இருவர்

இனி, சொல்லத் தயங்கும் பகுதிக்கு வருகின்றோம்.

1933 ஆம் ஆண்டில் ஸ்வைகெல்ற் நாசிக் கட்சியிற் சேர்ந்தார். அதே ஆண்டு யூன் மாதத்தில் ஒஸ்திரிய அரசு அக்கட்சியைத் தடைசெய்தது. தடைக்குப் பின்னரும் அவர் மனம் மாறவில்லை. 1938 மார்ச் 12 ஆம் நாள் ஹிட்லரின் படைகள் ஒஸ்திரியாவினுள் நுழைந்தன. அவ்வாண்டிலேயே குளோஸ்ரர்நொய்புர்க் பள்ளியின் தலைமைப் பதவி ஸ்வைகெல்ற்றின் கைக்கு வந்தது. வயிற்றுப்பிழைப்புக்காகக் கட்சிச்சீட்டுப் பெற்றோர் அந்நாட்களிற் பலர் இருந்தனர். அவர் அத்தகையவர் அல்லர். அக்கொள்கையை மெய்யென நம்பி அதற்காக உழைத்தவர் என்பதை வரலாற்றாய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். 1945 இல் ஆட்சி வீழ்ந்தது, பதவி போயிற்று, சிறையும் வழக்கும் வந்தன. சில ஆண்டுகளில் வழக்குக் கைவிடப்பட்டது. 1964 செப்டெம்பரில் கிராஸ் நகரில் அவர் காலமானார்.

அக்காலத்துச் சூழலிலே வேறென்ன செய்யமுடியும் என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு விடையாக அதே ஊரில் வாழ்ந்த மற்றொரு மனிதரைக் காட்டலாம். அவர் குளோஸ்ரர்நொய்புர்க் மடத்துத் துறவி, ஆசிரியர், கவிஞர். றோமன் கார்ல் ஷோல்ஸ் என்பது அவர் பெயர். தொடக்கத்தில் அவரும் நாசி இயக்கத்தின்பால் ஈர்க்கப்பட்டவரே. ஆயின் 1936 இல் நூரம்பேர்க் நகரிலே அக்கட்சி நடத்திய மாநாட்டை நேரிற் கண்டு திரும்பியபின் அவர் உள்ளம் மாறிற்று. 1938 இல் ஹிட்லரின் ஆட்சியை எதிர்க்கும் மறைவான குழுவொன்றை அமைத்தார். நண்பனாய் நடித்து உட்புகுந்த நாடக நடிகன் ஒருவன் அவர்களைக் காட்டிக்கொடுத்தான். 1940 யூலையில் ஷோல்ஸ் கைதானார். அடுத்த ஆண்டிலே அவருடைய மடத்தையும் நாசி அரசு பறிமுதல் செய்தது. 1944 மே 10 ஆம் நாள், வியன்னாச் சிறையில், தலை வெட்டப்பட்டு அவர் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு.

ஒரே ஊர், ஒரே காலம், ஒரே மயக்கம். ஒருவர் கண்டு தெளிந்தார். மற்றவர் தெளியவில்லை. தெளிந்தவரின் பெயரை அவ்வூருக்கு அப்பால் அறிந்தோர் சிலரே. தெளியாதவரின் பெயர் போத்தல்தோறும் ஒட்டப்பட்டு உலகெங்கும் செல்கின்றது.

பெயர் வந்த விதம்

இப்பெயரைக் கொடிக்கு ஸ்வைகெல்ற் தாமே சூட்டிக்கொண்டாரல்லர். கொடி பிறந்து நெடுங்காலம் அது ஓர் இலக்கமாகவே இருந்தது. அதனைத் தோட்டந்தோறும் பரப்பியவர் லென்ஸ் மோசர் என்னும் புகழ்பெற்ற தோட்டக்காரர். நெருக்கமாக நட்டுக் குறுந்தடிகளிற் கட்டி வளர்த்த பழைய முறையை விடுத்து, வரிசைகளுக்கிடையே மூன்று மீற்றருக்கும் மேலாக இடம்விட்டு, கொடியை நெஞ்சளவு உயரத்தில் படரவிடும் புதுமுறையை வகுத்தவர் அவர். அம்முறையினால் உழவு இயந்திரம் தோட்டத்தினுள் நுழைந்தது. போரால் இளைத்திருந்த உழவர்க்கு ஆட்கூலி குறைந்தது. அப்புதுமுறைக்குப் பொருந்திய கொடியாக ஸ்வைகெல்ற் அமைந்தது. 1970 களில், மோசரின் தூண்டுதலால், உருவாக்கியவரின் பெயரே கொடியின் பெயராக அரசின் பட்டியலிற் பதிந்தது. றோற்புர்கர் என்ற வேறொரு பெயரும் அதற்குண்டு. அது வழக்கில் வேரூன்றவில்லை.

போர் முடிந்து அப்போது முப்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. அம்மனிதரை அறிந்தோர் பலர் உயிரோடிருந்தனர். ஆயினும் ஒருவரும் வாய்திறந்ததாகத் தெரியவில்லை. பழையதைக் கிளறாதிருத்தலே பண்பு என அந்நாடு எண்ணியிருந்த காலம் அது.

பின்னர் 1985 இலே வேறொரு பேரிடி விழுந்தது. வைனுக்குத் தடிப்பும் இனிப்பும் இருப்பதுபோற் காட்டுவதற்காகச் சில வணிகர் டைஎதிலீன் கிளைக்கோல் என்னும் இரசாயனத்தைக் கலந்தமை வெளிப்பட்டது. ஒஸ்திரிய வைனை உலகம் வாங்க மறுத்தது. குற்றமற்ற உழவரும் கூடவே வீழ்ந்தனர். அவ்வாண்டிலேயே ஐரோப்பாவிற் கடுமையானதெனப் பேர்பெற்ற புதுச்சட்டம் இயற்றப்பட்டது. ஒவ்வொரு போத்தலும் எங்கே விளைந்தது, எவரால் அடைக்கப்பட்டது எனக் காட்டவேண்டியதாயிற்று. மலிவான இனிப்பை விடுத்து நேர்மையான இரசத்தை நாடிய அம்மறுமலர்ச்சியிலே சிவப்பு முந்திரிகைகள் பெருகின. ஸ்வைகெல்ற் நாட்டின் தலைமைச் சிவப்பாயிற்று. போத்தலினுள் இருப்பது பற்றி ஒளிவுமறைவு கூடாது எனச் சட்டம் செய்த நாடு, போத்தலின் மேலிருந்த பெயரைப் பற்றி மட்டும் நீண்டகாலம் மௌனம் காத்தது.

2018 ஆம் ஆண்டில் கலைஞர் குழுவொன்று அம்மௌனத்தைக் கலைத்தது. ‘நீலத் திங்கள்’ எனப் பொருள்படும் ‘பிளவர் மொன்ராக்’ என்ற புதுப்பெயரைச் சூட்டலாம் என அக்குழு முன்மொழிந்தது. விவாதம் மூண்டது. கொடி யாது பிழை செய்தது, பல்லாண்டுக் காலம் உழைத்து ஈட்டிய நற்பெயரை எவ்வாறு இழப்பது என்றனர் ஒரு சாரார். பெயர் சூட்டுதல் என்பது பாராட்டு. அப்பாராட்டுக்கு அம்மனிதர் உரியரோ என்றனர் மறுசாரார். சட்டத்தில் பெயர் மாறவில்லை. தோட்டக்காரர் சிலர் மட்டும் தம் போத்தல்களிலே றோற்புர்கர் என எழுதுகின்றனர்.

இரத்தத் தூய்மையும் கலப்பும்

இவ்வரலாற்றில் ஓர் உண்மை நம் சிந்தனைக்குரியது. இரத்தம் கலத்தல் இழிவு என்று முழங்கிய கட்சியை நம்பிய மனிதர், தம் வாழ்நாட் புகழனைத்தையும் இரு குலங்களைக் கலந்தே பெற்றார். தாவரத்திற் கண்ட உண்மையை மனிதரிடத்திற் காண அவர் மறுத்தார்.

அதனோடு முடியவில்லை. இடைக்கால ஜேர்மானியர் முந்திரிகைகளை இரு சாதியாக வகுத்திருந்தனர். உயர்ந்தனவற்றைப் ‘பிராங்கியர்’ பெயரால் அழைத்தனர். தாழ்ந்தனவற்றை ஹூணர் பெயராற் குறித்ததாகக் கருதப்படும் ‘ஹொய்னிஷ்’ என்ற சொல்லால் அழைத்தனர். பிளவ்பிரெங்கிஷ் தன் பெயரிலேயே பிராங்கிய உயர்குலத்தைத் தாங்கி நிற்பது. அண்மைக்கால மரபணு ஆய்வோ அதன் பெற்றோருள் ஒன்று ஹொய்னிஷ் கொடியே எனக் கண்டுள்ளது. உயர்குலம் என மார்தட்டிய கொடி, இழிகுலம் எனத் தள்ளப்பட்டதன் பிள்ளையாம். அப்பிள்ளையின் பிள்ளையே ஸ்வைகெல்ற். ஹிட்லரின் கட்சியிற் சேர்ந்த அறிஞர் இதனை அறியாமலே மறைந்தார்.

பெயரை மாற்றுவதா, வைத்திருப்பதா என்பதை அந்நாட்டு மக்களே தீர்மானித்தல் வேண்டும். எமக்குத் தோன்றுவதைச் சொல்வோம். ஒரு மனிதனின் தொழிலறிவை ஏற்பது வேறு. அவனை வணங்குவது வேறு. அளித்த சிறப்பை மீட்டுக்கொள்வதனால் வரலாறு அழிந்துவிடாது. அதுபோலவே, பெயரை மாற்றிவிட்டு நடந்ததை மறந்தால் அம்மாற்றத்தால் ஆவதும் ஒன்றில்லை. எப்பெயர் நிலைப்பினும் கதை முழுவதும் சொல்லப்படவேண்டும். குளோஸ்ரர்நொய்புர்க்கின் கதையைச் சொல்லும்போது பூச்சியியல் அறிஞரோடு அத்துறவியையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இளவேனிலின் தொடக்கத்திலே, கிளை நறுக்கிய முந்திரிகைக் கொடியின் வெட்டுவாயினின்று தெளிந்த நீர் துளித்துளியாய்ச் சொட்டும். மாரிக்காலம் முழுவதும் உறங்கிய வேர் விழித்துவிட்டதன் அடையாளம் அது. கொடி அழுகின்றது என்பர் அந்நாட்டவர். கார்நுந்தும் குன்றுகளிலும், ஏரிக்கரையிலும், அம்மடத்தைச் சூழ்ந்த சரிவுகளிலும் ஆண்டுதோறும் அவ்வாறே கொடிகள் அழுகின்றன. அழுது முடிந்தபின் தளிர்க்கின்றன.